ஸ்டெப் ஸ்கேன் எஃப்.டி.ஐ.ஆர்: டிடெக்டரில் பிளாஸ்மா இரைச்சல், உதவி தேவை

வணக்கம். சில மில்லிபார் அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு வழியாகத் துடிப்பு மின்னிறக்கம் கொடுத்து (அதில்தான் பிளாஸ்மா உண்டாகிறது), வாயு எப்படி மாறுகிறது என்று அகச்சிவப்பு நிறமாலையில் மைக்ரோ நொடி வாரியாகப் பார்க்க முயல்கிறேன். எஃப்.டி.ஐ.ஆர் (ஃபூரியர் உருமாற்ற அகச்சிவப்பு நிறமாலைமானி) கருவியில் ஸ்டெப் ஸ்கேன் முறைதான், அதாவது கருவிக்குள் நகரும் கண்ணாடி ஒவ்வொரு படியிலும் நிற்கும், அங்கே பல துடிப்புகளின் சிக்னலைச் சராசரி எடுத்த பிறகுதான் அடுத்த படிக்கு நகரும்.

கார்பன் டை ஆக்சைடின் 2349 செ.மீ⁻¹ பட்டை அருமையாக வருகிறது. 2143 பக்கம், அது உடைந்து உண்டாகும் கார்பன் மோனாக்சைடின் கோடுகள்தான் படுத்துகின்றன. மின்னிறக்கம் தொடங்கும் நொடியில் எம்.சி.டி (அகச்சிவப்பை உணரும் மெர்குரி காட்மியம் டெல்லுரைடு) டிடெக்டரில் ஒரு கூரான முள் எழும்புகிறது, டிடெக்டர் சாளரத்தையே மூடினாலும் அது போகவில்லை, ஆக பிளாஸ்மாவின் ஒளி இல்லை, மின்காந்த இரைச்சல்தான். டிரிகரை (துடிப்பையும் பதிவையும் ஒத்திசைக்கும் சிக்னல்) ஆப்டிகல் ஃபைபர் வழியாகக் கொடுத்தால் போதுமா, அல்லது ப்ரீஆம்பையும் (டிடெக்டர் சிக்னலைப் பெருக்கும் முன்பெருக்கி) சேர்த்து உலோகப் பெட்டிக்குள் அடைக்க வேண்டுமா? மூடிய நிலையில் எடுத்த பதிவைக் கழித்துவிடலாம் என்கிறார் நண்பர், எனக்கு அதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

அப்புறம் இன்னொன்று. ஒவ்வொரு துடிப்பும் ஒரே மாதிரி தொடங்கினால்தானே இந்த முறை செல்லும்? ஆனால் அடுத்த துடிப்புக்குள் பழைய வாயு முழுதாக வெளியேறுவதில்லை. வாயு ஓட்டத்தைக் கூட்டுவதா, துடிப்பு இடைவெளியை நீட்டுவதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.