புதுப்பிப்பு: மதுரை வெயிலில் எங்கள் லேப்ரடூடுல்

லேப்ரடாரும் பூடிலும் கலந்த லேப்ரடூடுல் நாய்க்கு முடி கொட்டாது, அலர்ஜியே வராது என்கிறார்களே, நிஜமா, நம்ம ஊர் வெயிலைத் தாங்குமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி, நிலவரம் இதுதான்.

முடி குட்டிக்குக் குட்டி மாறும். 1989-ல் ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய் அமைப்பில் இருந்த வாலி கான்ரன் லேப்ரடாரையும் பூடிலையும் சேர்த்ததே, ஹவாயில் இருந்த பார்வையற்ற ஒரு பெண்ணுக்கு வழிகாட்டி நாய் வேண்டும், ஆனால் அவர் கணவருக்கு நாய் ஒத்துக்கொள்ளாது என்பதால்தான். அப்படிப் பிறந்த குட்டிகளிலும் எல்லாமே அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டுவிடவில்லை. எங்களுடையது சுருள் முடி. தரையில் விழாது, ஆனால் உதிர்ந்தது உடம்பிலேயே தங்கி, காதுக்குப் பின்னாலும் முன்னங்கால் இடுக்கிலும் சடையாகிவிடுகிறது. மேலாகச் சீவினால் அழகாகத்தான் தெரியும், விரலை விட்டுப் பார்த்தால் அடியில் கட்டி கட்டியாக இருக்கும். அதனால் முடியைப் பிரித்துப் பிரித்து, தோலோடு ஒட்டிச் சீப்பு போடுகிறோம். வீட்டுக்காரிக்குத் தும்மல் குறைவுதான், ஆனால் நிற்கவில்லை. எச்சிலும் தோல் பொடுகும்கூடக் காரணமாம்.

வெயிலுக்கு விடியற்காலையிலேயே தெப்பக்குளத்தைச் சுற்றி வந்துவிடுகிறோம், அப்புறம் தார்ரோடு பாதத்தைச் சுட்டுவிடும்.

குணம்? பயங்கர மூளை. கேட் கொண்டியை மூக்கால் தள்ளித் திறக்கிறான், தனியாக விட்டால் செருப்பு காலி. பால்காரர் மேல் ஆசையாகத் தாவுவதை மட்டும் இன்னும் விடவில்லை, காவலுக்கு ஆகவே ஆகாது.

தீபாவளி வெடிக்கு என்ன செய்கிறீர்கள், சொல்லுங்கள்.