டிப்மேன் 98 உள்ளே எதை மாத்தலாம்? ஏற்காட்டுக் குளிருக்கு ஏத்த மாதிரி சொல்லுங்க

வணக்கம் மக்களே, சேலத்துல இருந்து எழுதுறேன். கையில இருக்கிறது பழைய டிப்மேன் 98 கஸ்டம் பெயிண்ட்பால் மார்க்கர், அதாவது வாயு அழுத்தத்துல பெயிண்ட் குண்டு அடிக்கிற விளையாட்டுத் துப்பாக்கி. பேரல் மாத்தியாச்சு, அது பிரச்சினை இல்ல. உள் சாமான்லதான் குழப்பம்.

விளையாடுறது ஏற்காட்டுல, நண்பனோட காபித் தோட்டத்து ஓரம். மார்கழிக் காலையில சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) சிலிண்டரை மாட்டினா முதல்ல ஜோரா போகும். கொஞ்சம் வேகமா அடிச்சதும் சிலிண்டர் மேல வெள்ளையா பனி பூத்துடும், குண்டோட வேகம் அளக்கிற குரோனோவுல நொடிக்கு 280 அடி காட்டினது மளமளன்னு இறங்கும். அப்புறம் பின்பக்க போல்ட், அதைப் பிடிச்சு நிறுத்துற கொக்கியான சியர்ல மாட்டாம டிரிகரை விட்டாலும் டபடபன்னு அடிக்கும். 20 டிகிரியில சிஓ2 அழுத்தம் சுமார் 57 பார், 10 டிகிரியில 45தான். மலை மேல வேற எப்படி இருக்கும்!

பின் போல்ட்டை முன்னே தள்ளுற டிரைவ் ஸ்பிரிங்கை மெத்துன்னு போட்டா காக் ஆகிறது (போல்ட் பின்னால போய் சியர்ல மாட்டுறது) சுலபம், ஆனா வால்வு திறக்கிறது குறைஞ்சு வேகமும் குறையுமே? அதுக்கு எக்ஸ்பான்ஷன் சேம்பரே (திரவ சிஓ2 வாயுவா விரிய இடம் தர்ற அறை) மேலா? டெல்ரின்ங்கிற கெட்டிப் பிளாஸ்டிக்குல முன் போல்ட்டை நம்ம ஊர் லேத் பட்டறையில கடைஞ்சுக்கலாமா, அளவு சரியா வருமா?

ரெஸ்பான்ஸ் டிரிகர் (வாயுவால டிரிகரைத் திருப்பித் தள்ளி வேகமா அடிக்க வைக்கிறது) மட்டும் சொல்லாதீங்க. வேகமா அடிச்சா சிலிண்டர் இன்னும்தான் குளிரும்.

ஹெச்பிஏவுக்கே (உயர் அழுத்தக் காற்று) மாறிடுன்னு சொல்றவங்க, சேலம் பக்கம் 3000 பிஎஸ்ஐ எங்க நிரப்பித் தர்றாங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்கண்ணா.