உம்மாவுக்குப் புரியாத டிவி பாய்

காயல்பட்டினம், இப்போது சென்னை

ஒரு சீரியலில் உதவி இயக்குநராக இருக்கும் நண்பன் போன வருஷம் போன் செய்தான். "பாய் வீட்டு சீன் ஒண்ணு வருது, வசனத்தைக் கொஞ்சம் பார்த்துக் கொடுடா" என்றான். நம்மையும் ஒரு வார்த்தை கேட்கிறார்களே என்று ரொம்ப சந்தோஷமாகப் போனேன்.

மூன்று பக்கம் கொடுத்தார்கள். மற்ற எல்லோருக்கும் பெயர் இருந்தது. இவருக்கு மட்டும் ஒவ்வொரு வரியிலும் 'பாய்' என்றே போட்டிருந்தது. "இவர் பேர் என்ன?" என்று கேட்டேன். "பாய்தான்டா." முதல் வசனம்: "அரே பேட்டா, நமாஸ் படிச்சிட்டு வர்றேன்." பிள்ளை சொல்வது: "சரி அப்பாஜான்." கதை நடப்பதோ திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில்.

பேனாவை எடுத்துத் திருத்தினேன். 'நமாஸ்' போய் 'தொழுதுட்டு வர்றேன்' ஆனது. அப்பாஜானை வாப்பா ஆக்கினேன், அம்மிஜானை உம்மா ஆக்கினேன். ராவுத்தர் வீடென்றால் 'அத்தா' என்று வைத்துக்கொள்ளலாம் என்றும் ஓரத்தில் எழுதினேன். தொழுகை, நோன்பு, பெருநாள், பள்ளிவாசல் எல்லாம் நாங்கள் வீட்டில் புழங்குகிற சொற்கள். அத்தனையும் தமிழ். வசனம் எழுதுகிறவர் நல்ல மனிதர். பொறுமையாகப் படித்துவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டார்: "தம்பி, இப்படிப் பேசினா பாய்னு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. நாங்கள் முஸ்லிமாகத் தெரிய வேண்டுமென்றால் தமிழை விட்டாக வேண்டும், அவ்வளவுதானே அதற்கு அர்த்தம்?

வாப்பாவின் உம்மாவுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் பழுப்பேறிய அரபுத்தமிழ்ப் புத்தகம் ஒன்று எப்போதும் தலைமாட்டில் இருக்கும். மஃரிபு என்கிற அந்தித் தொழுகை முடிந்ததும் அதை மடியில் வைத்துக்கொண்டு, வலமிருந்து இடமாக விரலை நகர்த்தி ராகம் போட்டு ஓதுவார். கண்ணில் படுவது அரபி எழுத்து, காதில் விழுவது தமிழ். காசிம் புலவர் நபிகள் மீது திருப்புகழ் பாடிய ஊர் எங்கள் காயல்பட்டினம். உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் பாடி வைத்தது 5,000 பாடல்களுக்கு மேல். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் முஸ்லிம்கள் சுமார் 42 லட்சம். உருதுவைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 12 லட்சத்துச் சொச்சம்தான். மீதிப் பேரில் பெரும்பாலோருக்குத் தமிழ்தான் தாய்மொழி.

பண்டிகை நாள் சிறப்புப் படங்களில் தொழுதுவிட்டுக் குண்டு வைக்கப் போகிறவனைப் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். எனக்கு அந்த 'நல்ல பாய்' கூடத்தான் வலிக்கிறது. கதாநாயகனுக்கு ரத்தம் கொடுப்பார், பிரியாணி அனுப்புவார், இடைவேளைக்குள் செத்தும் போவார். அவருக்கு ஒரு கடன் கவலை, மகள் படிப்புக் கவலை என்று எதையும் நான் பார்த்ததில்லை.

வீடு தேடிப் போனபோது ஒரு அம்மா, "அட, தமிழ் நல்லா பேசுறீங்களே!" என்று மனதாரப் பாராட்டினார். அவரை எப்படிக் குறை சொல்வது? முஸ்லிம் வீட்டை அவர் டிவியில்தான் பார்த்திருக்கிறார்.

நான் திருத்தியதில் ஒன்றுகூட சீரியலில் வரவில்லை. மகன் கை பட்ட சீரியல் என்று உம்மா ஊரில் ஆசையாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார். முடிந்ததும் போன். "அம்மிஜான்னா யாரு வாப்பா? அந்தப் புள்ளைக்கு அவ என்ன முறை வேணும்?"

தூத்துக்குடி

உங்கள் உம்மா கேட்டதைப் படித்ததும் என் அம்மா நினைவு வந்துவிட்டது. நாங்கள் கத்தோலிக்கர்கள், கடற்கரைக் குடும்பம். டிவியில் வரும் கிறிஸ்தவப் பெண் கவுன் போட்டிருப்பாள், 'மேன்' என்று முடிப்பாள், வீட்டு அலமாரியில் ஒயின் பாட்டில் இருக்கும். நாங்கள் போவது கோயிலுக்கு, அங்கே காண்பது பூசை. ஜூலை 26-இல் பனிமய மாதாவுக்குக் கொடியேற்றினால் ஆகஸ்ட் 5 வரை ஊரே திருவிழாதான். கல்லூரித் தோழி ஒருத்தி முதன்முதலாக வீட்டுக்கு வந்தபோது, மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம், "ஆன்ட்டி, உங்கள்ல தாலி எல்லாம் கட்டுவீங்களா?" என்று கேட்டாள். அம்மா கரண்டியை வைத்துவிட்டு, கையைத் துடைத்து, முந்தானைக்குள்ளிருந்து தாலியை எடுத்துக் காட்டினார். அதில் சின்னதாக ஒரு சிலுவை. எதுவும் சொல்லவில்லை. அப்புறம் இன்னொரு துண்டு மீனை அவள் தட்டில் வைத்தார்.

வாணியம்பாடி

எங்கள் வீட்டில் உருதுதான். அதனால் சொல்கிறேன், டிவியில் வருவது எங்கள் பேச்சும் இல்லை. 'நம்பள்கி நிம்பள்கி' என்று நாங்கள் யாரும் பேசுவதில்லை. சௌகார்பேட்டை சேட்டு வந்தாலும் அதே பேச்சு, பாய் வந்தாலும் அதே பேச்சு.

என் மகள் மூன்றாம் வகுப்பு. பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் அவளுக்குக் கடைக்காரர் வேஷம். "நிம்பள்கி என்னா வேணும்?" என்று கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். என் மாமனார் 31 வருஷம் தமிழாசிரியராக இருந்தவர். அவளை மடியில் உட்கார வைத்து, அந்த வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் வேறு எழுதிக் கொடுத்தார். விழா அன்று மேடையில் தராசைப் பிடித்துக்கொண்டு, "வாங்க, என்ன வேணும்?" என்று தெளிவாகக் கேட்டாள். நாடகம் அடுத்த வசனத்துக்குப் போய்விட்டது. அந்த இடத்தில் கூட்டம் சிரிக்கும் என்று காத்திருந்த டீச்சர்தான் திரும்பி எங்களைப் பார்த்தார்.