எம்20 கியூப் 7 நாளில் 10-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது

திருச்சி பக்கம் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ, கடைசி வருடம். புராஜெக்ட்டுக்காக எம்20 கான்கிரீட் (28 நாளில் சதுர மி.மீ.க்கு 20 நியூட்டன் தாங்க வேண்டிய கலவை) போட்டு, கியூபாக வார்த்து மெஷினில் உடைத்துப் பார்க்கிறோம், 7 நாள் வலிமை சதுர மி.மீ.க்கு 9, 10 நியூட்டனிலேயே நிற்கிறது. குறைந்தது 13 வர வேண்டாமா?

150 மி.மீ. கியூப், பிபிசி (சாம்பல் போன்றவை கலந்த) சிமெண்ட், எம்சாண்ட், 20 மி.மீ. ஜல்லி, நீர்-சிமெண்ட் விகிதம் 0.5. மிக்ஸ் டிசைன் (கலவை அளவுக் கணக்கு) ஐஎஸ் 10262 தரநிலைப்படி, 28 நாள் இலக்கு வலிமை 26.6. ஸ்லம்ப் (ஈரக் கலவையின் இளக்க அளவு) நினைத்தபடி 75 மி.மீ. தான். மூன்று கியூபும் ஏறக்குறைய ஒரே அளவில் உடைகின்றன, அதனால் மோல்டு மேல் சந்தேகம் இல்லை.

புது சிமெண்ட் மூட்டை வாங்கியாச்சு, எம்சாண்டின் ஈரத்தைக் கணக்கில் கழித்தாச்சு, கையால் குத்துவதை விட்டு வைப்ரேட்டிங் டேபிளுக்கும் மாறியாச்சு. கியூரிங் தண்ணீர்த் தொட்டியில்தான். லோடு ஏற்றும் வேகமும் நிமிடத்துக்கு, சதுர மி.மீ.க்கு 14 நியூட்டன் கணக்குதான் (மெஷினைக் காலிபரேட் செய்த ஸ்டிக்கர் எதுவும் கண்ணில் படவில்லை, அது வேறு கதை). உடைந்த கியூபில் ஜல்லி உடையாமல் கலவையிலிருந்து அப்படியே கழன்று வருகிறது, ஜல்லி மேலே மெல்லிய தூசி. லேப் அண்ணன் 'பிபிசி மெதுவாத்தான் ஏறும், 28 நாள் பொறு தம்பி' என்கிறார். வைவா அதற்கு முன்பே வந்துவிடும்.

லேபிலோ சைட்டிலோ இதைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: முதலில் ஜல்லியைக் கழுவிப் போட்டுப் பார்ப்பதா, மெஷினைச் சரிபார்ப்பதா?