புலமைப்பரிசில் படிவத்தை அடித்தல் திருத்தல் இன்றி நிரப்புவது எப்படி?

கேள்வி (உரும்பிராயிலிருந்து)
பல்கலைக்கழக அனுமதி பெற்றுள்ள என் தங்கை, ஒரு நம்பிக்கை நிதியத்தின் புலமைப்பரிசிலுக்குத் தபாலில் விண்ணப்பிக்க வேண்டியுள்ளது. அவர்கள் அனுப்பிய மூலப்படிவம் ஒன்றுதான் கையில் இருக்கிறது. பெட்டிகள் மிகச் சிறியவை. அப்பா வெங்காயமும் புகையிலையும் பயிர்செய்பவர் என்பதால் மாத வருமானம் என்ற இடத்தில் எந்தத் தொகையை எழுதுவது என்றும் தெரியவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுவீர்களா?

பதில் 1 (நல்லூர், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்)
தம்பி, முதலில் படிவத்தை இரண்டு போட்டோப் பிரதி எடுத்து, அதில் பென்சிலால் முழுவதையும் நிரப்பிப் பாருங்கள். முகவரி எந்த இடத்தில் அடுத்த வரிக்குப் போகவேண்டும், தங்கையின் முழுப்பெயர் பெட்டிகளுக்குள் அடங்குமா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். மூலப்படிவத்தில் எழுத உட்காரும்போது பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தரச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகிய நான்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஓரெழுத்துக் கூடுவதும் குறைவதும் வழமை. பணம் வரவேண்டிய வங்கிக் கணக்கின் பெயரும் படிவத்திலுள்ள பெயரும் வேறுபட்டால், எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.

வருமானத்தை நீங்களாக மதிப்பிட்டு எழுதவேண்டாம். ஒரு வருட விளைச்சலால் கிடைத்த தொகையிலிருந்து விதை, உரம், கூலி, இறைப்புச் செலவுகளைக் கழித்து, அந்தக் கணக்குடன் கிராம அலுவலரிடம் சென்று வருமானச் சான்றிதழ் பெற்று, பிரதேச செயலாளரின் மேலொப்பமும் வாங்கிய பிறகு, அதிலுள்ள தொகையையே படிவத்தில் எழுதுங்கள். சான்றிதழில் வருட வருமானம் இருந்து படிவம் மாத வருமானத்தைக் கேட்டால் மட்டும் பன்னிரண்டால் வகுக்கவேண்டும்.

பதில் 2 (பருத்தித்துறை, ஆசிரியை)
ஜெல் பேனையைத் தவிர்த்துவிடுங்கள். மாரி காலத்தில் தாள் ஈரக்காற்றை உறிஞ்சியிருக்கும். கை பட்டாலே மை இழுபடும். கறுப்புக் குமிழ்முனைப் பேனையே நல்லது. பிழை நேர்ந்தால் டிபெக்ஸ் (எழுத்தை மறைக்கும் வெள்ளை மை) பூசாமல் ஒற்றைக் கோடு கிழித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் தங்கை சுருக்கொப்பம் இடட்டும்.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி ஐயா, நன்றி ரீச்சர். அப்பாவின் பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்துமே உள்ளன. படிவத்திலோ 12 பெட்டிகள். முன்னால் பூச்சியம் சேர்க்கலாமா?

பதில் 3 (நல்லூர்)
வேண்டாம் தம்பி. 12 இலக்க முறை 2016 இல் தொடங்கியது. பழைய இலக்கமும் செல்லுபடியானதே. இடப்பக்கத்திலிருந்து அட்டையில் உள்ளபடியே எழுதி, கடைசி இரண்டு பெட்டிகளையும் வெறுமையாக விடுங்கள். மடிப்பு விழாதபடி நீண்ட உறையிலிட்டு, இடது பக்க மேல் மூலையில் புலமைப்பரிசிலின் பெயரை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் படிவத்தின் பிரதியோடு சேர்த்து வைத்திருங்கள்.