குல்மர்க்கில் முதல் பனிச்சறுக்கு: எலும்பு உடையாமல் ஊர் திரும்ப என்ன வழி?

வண்ணை வாலிபன்:
ஜனவரி கடைசியில் பசங்க எல்லாரும் குல்மர்க் போகிறோம். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை ஆட்கள், காசிமேட்டில் மீன் பெட்டிக்குள் கொட்டுகிற ஐஸைத் தவிர வேறு ஐஸ் பார்த்ததில்லை. டூர் ஏஜென்ட் கோண்டோலாவில், அதாவது அங்கே இருக்கிற கேபிள் காரில், ஃபேஸ் 2 என்கிற மேல் கட்டம் வரைக்கும் டிக்கெட் போட்டிருக்கிறார், மேலேயிருந்து சறுக்கிக்கொண்டே இறங்கலாம், கூட கைடு வருவார், பயமே வேண்டாம் என்கிறார். ஒருத்தன் ஸ்கேட்போர்டு ஓட்டுவான், அதனால் ஸ்னோபோர்டுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். ஹெல்மெட் கட்டாயமா? எம்.சி. ரோட்டில் ஜெர்கினும் ஜீன்ஸும் எடுத்தால் போதுமா? இன்சூரன்ஸ் பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர் லோகோ:
தம்பி, அந்த ஏஜென்ட் ஸ்கி, அதாவது காலில் மாட்டுகிற சறுக்குப் பலகை, போட்டு நின்றிருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். ஃபேஸ் 2 போய் நிற்பது அபர்வத் மலையில், கிட்டத்தட்ட 3,950 மீட்டர். அங்கே பெரும்பாலும் சமன்படுத்தாத சரிவுதான், பனிச்சரிவு வருகிற இடம். 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர்கள் இரண்டு பேர், 2024 பிப்ரவரியில் ரஷ்யாக்காரர் ஒருவர் அந்த மலைப்பக்கம் பனிச்சரிவில் இறந்தார்கள். அங்கே இறங்குகிறவர்கள் பனிக்குள் புதைந்தால் கண்டுபிடிக்கிற டிரான்ஸ்சீவர், குத்திப் பார்க்கிற நீளக் கம்பி, மண்வாரி மூன்றையும் கூடவே வைத்திருப்பார்கள், பயன்படுத்தவும் தெரிந்திருக்கும். முதல்முறை போகிறவனுக்கு அங்கே வேலையே இல்லை.

குல்மர்க் ஊருக்குள்ளேயே லேசான மேடுகள் இருக்கின்றன, பயிற்சியாளர் வைத்து அங்கேயே கற்றுக்கொள்ளுங்கள். முதலில் நிற்கக் கற்க வேண்டும், வேகமெல்லாம் அப்புறம். ஸ்கியின் முன்முனை இரண்டையும் நெருக்கி, குதிகால் பக்கம் அகட்டி, உள்விளிம்பை அழுத்தினால் வேகம் குறையும். கட்டுப்பாடு போய்விட்டது என்று தோன்றினால் பக்கவாட்டில் உட்கார்ந்து விழுந்துவிடுங்கள், கையைப் பின்னால் ஊன்றாதீர்கள். இன்னொன்று, கீழே போகிறவனுக்குத்தான் முன்னுரிமை. மேலேயிருந்து வருகிறவன்தான் பார்த்து ஒதுங்க வேண்டும், நம்ம ஊர் லாரி மாதிரி ஹாரன் அடித்து வழி கேட்க முடியாது. செல்ஃபி எடுக்க மேட்டுக்கு அடியில் மறைவாக நிற்காதீர்கள், வருகிறவனுக்குக் கடைசி நொடியில்தான் தெரிவீர்கள்.

எண்ணூர் சேஃப்டி:
ஃபேக்டரியில் ஹெல்மெட் போடு என்று கத்தியே தொண்டை போன ஆள் நான், அதனால் இதற்கு மட்டும் பதில். கட்டாயம். நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009-இல் கனடாவில், புதிதாகக் கற்பவர்களுக்கான சரிவில்தான் விழுந்தார், ஹெல்மெட் இல்லை. எழுந்து சாதாரணமாகப் பேசினார், வந்த ஆம்புலன்ஸும் திரும்பிப் போனது. மண்டைக்குள் ரத்தம் கசிந்து இரண்டே நாளில் இறந்துவிட்டார். ஆகவே தலையில் அடிபட்டால் ரூமில் படுத்துத் தூங்கச் சொல்லாதீர்கள். தலைவலி, வாந்தி, குழறல் எது வந்தாலும் ஆஸ்பத்திரிதான், பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஸ்ரீநகர், சுமார் 50 கிலோமீட்டர். ஹெல்மெட் போட்டதால் எங்கும் போகலாம் என்றும் இல்லை. 2013-இல் கார் பந்தய வீரர் ஷூமாக்கர் பனிச்சறுக்கில் பாதையை விட்டு விலகிப் பாறையில் மோதியபோது ஹெல்மெட் போட்டுத்தான் இருந்தார்.

வாடகைக் கடையில் ஒன்றைக் கவனியுங்கள். ஷூவை ஸ்கியோடு பிடித்து வைக்கிற பைண்டிங், விழும்போது தானாகக் கழன்றுகொள்ள வேண்டும். அதை எடை, உயரம், வயது, எவ்வளவு தெரியும், ஷூ அடிப்பாகத்தின் நீளம் எல்லாம் பார்த்துத்தான் வைக்க வேண்டும். ரொம்ப இறுக்கமாக இருந்தால் ஸ்கி கழலாது, முட்டி திருகி லிகமென்ட் கிழியும். எடைகூடக் கேட்காமல் மாட்டிவிட்டால் நீங்களே சொல்லி மாற்றச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள்.

கொருக்குப்பேட்டை போர்டர்:
ஸ்கேட்போர்டு நண்பருக்கு: பேலன்ஸ் கைகொடுக்கும், ஆனால் இங்கே இரண்டு காலும் பலகையோடு கட்டப்பட்டிருக்கும், குதித்துத் தப்பிக்க முடியாது. புதியவர்களுக்குப் பெரும்பாலும் மணிக்கட்டுதான் போகும். ரிஸ்ட் கார்டு சென்னையிலேயே வாங்கி க்ளவுஸுக்குள் போட்டுக்கொள்ளட்டும், விழும்போது விரலை மடக்கி முழங்கையிலிருந்து கை முழுக்கப் படும்படி விழட்டும்.

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். பருத்தி நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். உள்ளே கம்பளி அல்லது சிந்தெடிக் தெர்மல், மேலே தண்ணீர் புகாத பேன்ட், அது அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். சாக்ஸ் ஒன்றே போதும், இரண்டு போட்டால் மடிந்து கொப்புளம் வரும். கண்ணாடியை மறக்காதீர்கள்: புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், அப்போது ஒன்றும் தெரியாது, ராத்திரி கண்ணில் மணல் போட்டது போல எரியும். சன்ஸ்கிரீனை மூக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழும் தடவுங்கள்.

வண்ணை வாலிபன்:
எல்லாருக்கும் நன்றி தல. ஏஜென்டிடம் பேசினேன், ஃபேஸ் 2 டிக்கெட் காசு திரும்ப வராதாம். இன்சூரன்ஸ்?

பெரம்பூர் லோகோ:
சாதாரண டிராவல் பாலிசியில் பல நேரம் சாகச விளையாட்டு சேராது, பனிச்சறுக்கு என்று எழுத்தில் இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். டிக்கெட் வீணாக வேண்டாம், வானம் தெளிவாக இருந்தால் மேலே போய் வேடிக்கை பார்த்துவிட்டு அதே கோண்டோலாவில் இறங்குங்கள். போன அன்றே போகாதீர்கள், குல்மர்க்கே 2,650 மீட்டர், ஒரு நாள் உடம்பு பழகட்டும், அன்று சரக்கும் வேண்டாம். ஸ்கியை மட்டும் கீழே கடையிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.