சனிக்கிழமை காலாங் ஆட்டம்: யார் எந்த ரயில்?

குழு: தோ பாயோ குடும்பம், சிங்கப்பூர்
வியாழன்

கதிர், இரவு 8:05
சனிக்கிழமை காலாங் தேசிய அரங்கத்தில் கால்பந்து ஆட்டம் இரவு 7:30க்கு. டிக்கெட் எல்லாம் என் கைப்பேசிக்கு வந்துவிட்டது. 6:15க்குக் காலாங் வேவ் மாலில் கூடுவோம், சூப்பர்மார்க்கெட் வாசலில். யார் யார் எப்படி வருகிறீர்கள், சொல்லுங்கள்.

பாலா சித்தப்பா, 8:09
நான் காரில். பூன் லேயிலிருந்து கிளம்பி, வழியில் அப்பாவையும் ஏற்றிக்கொள்கிறேன்.

கதிர், 8:11
சித்தப்பா, காரில் வருவது பெரிய விஷயம் இல்லை. அதை எங்கே நிறுத்துவீர்கள்? பெரிய ஆட்டம் என்றால் கார் நிறுத்துமிடம் சீக்கிரம் நிரம்பிவிடும். ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் வண்டியை எடுப்பார்கள். நாங்கள் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் படுக்கும்போது நீங்கள் இன்னும் அந்தத் தடுப்புக் கம்பத்துக்கு முன்னால் நிற்பீர்கள்.

பாலா சித்தப்பா, 8:12
அப்படியானால் சிஓஇ (கார் வைத்திருக்கும் உரிமம்) கட்டி வாங்கிய காரைப் புளோக்குக்குக் கீழே நிறுத்தி வைத்து அழகு பார்க்கச் சொல்கிறாயா?

செல்வி அத்தை, 8:14
பாலா, போன கச்சேரிக்குக் காரில் வந்து முதல் இரண்டு பாட்டைக் கோட்டை விட்டது யார்?

பாலா சித்தப்பா, 8:14
அக்கா, அது மழை.

கதிர், 8:17
உங்களுக்குத்தான் இருப்பதிலேயே சுலபமான வழி சித்தப்பா. பூன் லேயில் பாசிர் ரிஸ் பக்கம் போகும் ரயிலில் ஏறி உட்கார்ந்தால் காலாங்கில் எழுந்தால் போதும். எங்கேயும் மாற வேண்டாம். இறங்கி ஒரு கால் மணி நேர நடை.

ரேவதி அக்கா, 8:19
காலாங்கா? ஸ்டேடியம் என்றே ஒரு நிலையம் இருக்கும்போது எதற்கு நடக்க வேண்டும்? பாய லேபார் போய் மாறலாமே.

கதிர், 8:23
மாறலாம் அக்கா. ஆனால் காலாங்கைத் தாண்டி இன்னும் இரண்டு நிறுத்தம் போய், பாய லேபாரில் கூட்டத்தோடு கூட்டமாக வட்டப் பாதை (சர்க்கிள் லைன்) ரயிலுக்கு மாறி, டகோட்டா, மவுண்ட்பேட்டன் என்று போன வழியே திரும்பி வர வேண்டும். சித்தப்பா வரும் கிழக்கு மேற்குப் பாதை ரயிலுக்கு ஆறு பெட்டி. வட்டப் பாதை ரயிலுக்கு மூன்றே பெட்டி. ஆட்ட நாளில் சிவப்புச் சட்டை ரசிகர்கள் எல்லாரும் அந்த மூன்று பெட்டிக்குள்தான் நுழையப் பார்ப்பார்கள். கால் நன்றாக இருப்பவர்களுக்கு நடைதான் நல்லது.

தாத்தா, 8:31
காலாங்கிலிருந்து அந்தப் பக்கம் போனால் பழைய விமான நிலையக் கட்டடம் இருக்கும். 1937இல் திறந்தது. நடுவில் கண்ணாடிக் கோபுரம் வைத்து அழகாகக் கட்டியிருப்பான். பாலா நின்று பார்த்துவிட்டு வா. சின்ன வயதில் உன்னை அந்தப் பக்கமாகத்தான் ஆட்டத்துக்குக் கூட்டிப் போவேன்.

பாலா சித்தப்பா, 8:33
மலேசியக் கிண்ணம்! பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவோம். நம் அணி வீரர் சுந்தரமூர்த்தி காலில் பந்து வந்தாலே பக்கத்தில் இருப்பவன் பேசுவது காதில் விழாது.

தாத்தா, 8:38
அதுதான் காலாங் முழக்கம். இப்போது இருப்பது புது அரங்கம். வேடிக்கை என்ன தெரியுமா? ஸ்டேடியம் எம்ஆர்டி ரயில் நிலையத்தை 2010இல் திறந்தார்கள். அப்போது பழைய அரங்கம் மூடிக் கிடந்தது, இடிக்கப் போகிறார்கள். புதியது வந்ததோ 2014இல். நாலு வருஷம், நிலையத்தின் பெயரில் மட்டும்தான் தேசிய அரங்கம் இருந்தது.

ரேவதி அக்கா, 8:39
தாத்தா 😄 பக்கத்திலேயே உள்ளரங்கு இருந்ததே, அதற்கு நாங்கள் கச்சேரிக்குப் போனோமே.

தாத்தா, 8:40
கச்சேரி வேறு, பந்து வேறு.

செல்வி அத்தை, 8:44
சரி, என் வழியைச் சொல்லு கதிர். பொங்கோலிலிருந்து செராங்கூன், அங்கே வட்டப் பாதை. அதுதானே?

கதிர், 8:46
அதேதான் அத்தை. செராங்கூனில் மாறும் நடை கொஞ்சம் நீளம், அவசரப்படாமல் வாருங்கள். ஸ்டேடியத்தில் இறங்கியதும் நகரும் படிக்கு ஓடாதீர்கள், இரண்டு நிமிடம் நின்றால் கூட்டம் தானாகக் கலையும். சுவரெல்லாம் வரிவரியாக வெள்ளி நிறத் தகடு, மேலேயிருந்து வெளிச்சம் இறங்கும். பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

ரேவதி அக்கா, 8:50
நாங்கள் மரின் பரேட். தாம்சன்–ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் மூன்றாவது நிறுத்தம் தஞ்சோங் ரூ. அங்கிருந்து நடைபாலம் வழியாக அரங்கத்துக்கு வந்துவிடலாம் என்று இவர் சொல்கிறார். நம்பலாமா?

கதிர், 8:53
அத்தானை இந்த ஒரு விஷயத்தில் நம்பலாம். 2024இல் அந்தப் பகுதி திறந்ததிலிருந்து உங்கள் பக்கத்து ஆட்களுக்கு யோகம். கொஞ்சம் நடக்க வேண்டும், ஆனால் பாலத்தின் மேல் காற்றும் தண்ணீரும் எதிரே அரங்கத்தின் கூரையுமாக நன்றாக இருக்கும். மழை வந்தால் மட்டும் அந்த வழி வேண்டாம்.

ரேவதி அக்கா, 8:55
இன்னொன்று. திருச்சியிலிருந்து கொழுந்தன் வந்திருக்கிறார். அவருக்கு ரயில் கார்டு வாங்க வேண்டுமா? என் கார்டையே இரண்டு முறை தட்டினால் ஆகாதா?

கதிர், 8:58
ஆகாது. ஒரு கார்டுக்கு ஒரு ஆள்தான். அவருடைய வங்கி கார்டு தட்டிப் பணம் கட்டும் வகையாக இருந்தால் அதையே கதவில் தட்டலாம், வெளிநாட்டுக் கார்டுக்குக் கூடுதலாகச் சிறு கட்டணம் உண்டு. நுழையும்போது தட்டிய அதே கார்டைத்தான் வெளியே வரும்போதும் தட்ட வேண்டும். கைப்பேசியில் ஒன்று, பர்ஸில் ஒன்று என்று மாற்றித் தட்டினால் கணக்கு குழம்பும். பஸ் ஏறினால் இறங்கும்போதும் தட்டச் சொல்லுங்கள், ஊர்ப் பழக்கத்தில் இறங்கி நடந்துவிடப் போகிறார்.

ரேவதி அக்கா, 8:59
பையனுக்கு? அவனுக்கு இன்னும் ஏழு ஆகவில்லை.

கதிர், 9:00
அவனுடைய சிறுவர் சலுகைக் கார்டை மறக்காதீர்கள். 0.9 மீட்டருக்கு மேல் வளர்ந்துவிட்டான், கார்டு இருந்தால்தான் இலவசம்.

செல்வி அத்தை, 9:04
எல்லாம் சரி, அப்பா எப்படி வருவார்? முட்டி வலியோடு காலாங்கிலிருந்து நடக்கச் சொல்லாதே.

கதிர், 9:07
தாத்தாவை நான் தோ பாயோவுக்கு வந்து அழைத்துப் போகிறேன். பீஷானுக்கு இரண்டு நிறுத்தம், அங்கே மின்தூக்கியில் இறங்கி வட்டப் பாதை, ஒன்பதாவது நிறுத்தம் ஸ்டேடியம்.

ரேவதி அக்கா, 9:10
ஏன் பீஷான்? தோபி காட் போங்கள். அங்கேயிருந்து ஐந்தே நிறுத்தம். அதோடு வட்டப் பாதை ரயில் அங்கிருந்துதான் கிளம்புகிறது, காலியாக நிற்கும். தாத்தா உட்கார்ந்து வரலாம். பீஷானில் ஏறினால் செராங்கூன், பாய லேபார் கூட்டமெல்லாம் அவர் மேல்தான் சாயும்.

கதிர், 9:12
தோபி காட்டில் மாற எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் தெரியுமா அக்கா? பூமிக்குள் போய்க்கொண்டே இருக்கும்.

ரேவதி அக்கா, 9:13
நகரும் நடைபாதை இருக்கிறது, மின்தூக்கி இருக்கிறது. நின்றுகொண்டு வருவதுதான் முட்டிக்கு ஆகாது, நடப்பது இல்லை. வேண்டுமானால் தாத்தாவையே கேள்.

தாத்தா, 9:20
தோபி காட். முதியோர் இருக்கையில் தூங்குவது போல் நடிப்பவனை எழுப்பிக்கொண்டு நிற்க என்னால் ஆகாது.

கதிர், 9:21
சரி தாத்தா, தோபி காட். 5:15க்குப் புளோக்குக்குக் கீழே இருப்பேன். முதியோர் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். குளிராடையும். இருக்கைக்கு அடியிலிருந்து குளிர்காற்று வரும், உங்களுக்குத் தாங்காது.

செல்வி அத்தை, 9:25
புரட்டாசிச் சனி. எனக்கு அங்கே சாப்பிட எதுவும் இருக்காது. புளியோதரை கட்டி எடுத்து வருகிறேன், எல்லாருக்குமே.

பாலா சித்தப்பா, 9:25
அக்கா வாழ்க.

கதிர், 9:27
அத்தை, ரயிலில் வாயே திறக்கக் கூடாது, 500 வெள்ளி (டாலர்) வரை அபராதம். அரங்கத்துக்குள்ளும் வெளிச்சாப்பாட்டை விடமாட்டார்கள். அப்படியானால் 6:15 வேண்டாம், 6:00 மணிக்கே கூடுவோம். வெளியே தண்ணீரைப் பார்த்த மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டு, டப்பாவைக் காலி செய்துவிட்டு உள்ளே போகலாம். தாத்தா, நாம் ஐந்துக்கே கிளம்புவோம்.

செல்வி அத்தை, 9:28
டப்பா காலியாவது பாலா பொறுப்பு.

பாலா சித்தப்பா, 9:31
திரும்பும்போது என்ன செய்வது? 50,000 பேர் ஒரு நிலையத்துக்குள் நுழைந்தால்?

கதிர், 9:36
அதுதான் முக்கியமான கேள்வி. போவதில் சிரமமே இல்லை, ஆட்கள் ஐந்து மணியிலிருந்து பிரிந்து பிரிந்து வருவார்கள். முடிந்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்திருப்பார்கள். அரங்கம் நிரம்பினால் 55,000. வாசலில் கயிறு கட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே விடுவார்கள். சித்தப்பா, நீங்கள் வந்த வழியே காலாங்குக்கு நடந்துவிடுங்கள். கூட்டம் இருக்கும், ஆனால் நகரும்.

செல்வி அத்தை, 9:38
நான் மவுண்ட்பேட்டனுக்கு நடந்து ஏறலாமா? பக்கத்து நிலையம்தானே. என் தோழி அப்படித்தான் செய்வாளாம்.

கதிர், 9:42
நடக்கலாம், ஆனால் பயன் இல்லை அத்தை. செராங்கூன் பக்கம் போகும் ரயில் ஸ்டேடியத்தில் நின்று நிரம்பிய பிறகுதானே மவுண்ட்பேட்டனுக்கு வரும்? கதவு திறக்கும், உள்ளே இருப்பவர்கள் நம்மைப் பாவமாகப் பார்ப்பார்கள், கதவு மூடும். சிட்டி பக்கம் போகிறவர்களுக்கு வேண்டுமானால் உங்கள் தோழி சொல்வது சரி, அவர்களுக்கு மவுண்ட்பேட்டன் முந்தைய நிலையம்.

செல்வி அத்தை, 9:43
அவள் தெலுக் பிளாங்காவில் இருக்கிறாள். அதுதான் போலிருக்கிறது.

கதிர், 9:45
நீங்கள் அவசரப்படாமல் எங்களோடு உட்கார்ந்திருங்கள். தாத்தாவையும் அந்த நெரிசலில் இறக்க முடியாது. கூட்டம் வடியும் வரை மாலில் தேநீர் குடிப்போம். பிறகு ஆளுக்கொரு பக்கம் ரயில் ஏறலாம். மற்றவர்கள் பசித்தால் ஓல்டு ஏர்போர்ட் ரோடு உணவங்காடிக்கு நடந்து, அங்கே முடித்துக்கொண்டு டகோட்டாவில் ஏறலாம். கடைசி ரயில் நேரத்தை மட்டும் கிளம்பும் முன் பார்த்து வையுங்கள். செராங்கூனுக்கு வட்டப் பாதை இருக்கும், அங்கே போனால் பொங்கோல் ரயில் போயிருக்கும், அப்படி ஆகக் கூடாது.

ரேவதி அக்கா, 9:47
நாங்கள் பாலத்தைத் தாண்டிப் போய்விடுவோம். பையன் தோளில் தூங்கிவிடுவான், அத்தானுக்குத்தான் உடற்பயிற்சி.

கதிர், 9:52
டிக்கெட்டை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இப்போதே அனுப்புகிறேன். அதில் இருக்கும் கேட் எண்ணைப் படியுங்கள். அரங்கம் வட்டம், எதிர்ப் பக்கம் போய் நின்றால் பாதிச் சுற்று நடக்க வேண்டும். கைப்பேசியில் பேட்டரி இருக்கட்டும்.

பாலா சித்தப்பா, 9:58
சரி லா, ரயிலிலேயே வருகிறேன். டிக்கெட் பணம் பேநவ்வில் போட்டுவிட்டேன், அப்பாவுக்கும் சேர்த்து. வந்ததா பார்.

கதிர், 9:59
வந்தது சித்தப்பா. பத்து வெள்ளி கூட இருக்கிறதே?

பாலா சித்தப்பா, 10:00
அது தேநீருக்கு.